சைரன் அக்காவுக்கு வந்த சாந்தம்

எங்கள் தையல் ஆலையின் இரண்டாம் மாடியில் ஆறு லைன்கள். ஒரு லைன் மெஷின்கள் ஓடினாலே பக்கத்து நாற்காலிக்காரி பேசுவது காதில் விழாது. ஆறும் சேர்ந்து ஓடினால் கேட்கவே வேண்டாம். அந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு மாடியின் மறுகோடி வரைக்கும் எட்டுகிற குரல் ஒன்று இருந்தது. நான்காம் லைன் சூப்பர்வைசரின் குரல். முகத்துக்கு நேரே அவளை "அக்கா" என்போம். முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் சைரன்.

கெட்ட வார்த்தை ஒன்றுகூட அவள் வாயில் வராது. ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவள் ஆயிற்றே. நல்ல வார்த்தைகளை வைத்துக்கொண்டே ஆளின் தோலை உரித்துவிடுவாள். "எறும்பை மைல தொட்டு விட்டாக்கூட இதைவிட நேரா கோடு போட்டிருக்கும்." "உனக்கு ரெண்டு கையும் இடது கைதானா?" திட்டு வாங்கியவள் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வருவாள். வந்ததும், அழுத நேரத்துக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

நானும் அதே மாடியில்தான், மூன்றாம் லைனில் பொத்தான் வைக்கிறேன். அவளும் நானும் ஒரே சபை. அங்கே அவளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பது அவள்தான், நோயாளிக்குக் கஞ்சி கொண்டு போவதும் அவள்தான். புதன்கிழமை சாயங்காலம் நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டம் அவள் இல்லாவிட்டால் களை கட்டாது. ஞாயிற்றுக்கிழமை தேன், திங்கட்கிழமை தேள். இதை அவளிடம் சொல்லும் தைரியம் எங்களில் ஒருத்திக்கும் இல்லை.

கடைசியில் அதைச் சொன்னது, சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்ன ஒருத்தி.

நான்காம் லைனில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அவள். ஒல்லியாக இருப்பாள், நடந்தால் சத்தம் வராது, பேசினாலும் வராது. அதனால் பூனை என்று பெயர் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி யாரோ கூப்பிட்டு ஒரு புதன்கிழமை எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்திருந்தாள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு சைரன் அக்கா வர நேரமாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

போதகரம்மா, "ஜெபக் குறிப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றார்கள்.

பூனை தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கு வேலைக்குப் போகவே பயமா இருக்குங்க. எங்க சூப்பர்வைசர் வாயில இருந்து ஆண்டவர் என்னைக் காப்பாத்தணும்னு ஜெபம் பண்ணுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திறந்துவிட்டேன். கடைசி வரிசையில் சைரன் அக்காவின் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தது.

போதகரம்மாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அக்காவைப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துக்கு வந்தீங்க சிஸ்டர். நீங்களும் சூப்பர்வைசர்தானே, இந்த மகளுக்காக நீங்களே ஜெபிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அக்கா எழுந்து நின்றாள். பொதுவாக நாலு வார்த்தை சொல்லி ஆமென் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஆண்டவரே" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கே பூனையின் தோள் குலுங்கியது. குரல் தெரிந்துவிட்டது.

"இந்தப் பொண்ணு சொன்ன சூப்பர்வைசர் நான்தான் ஆண்டவரே. உம்மைத் தேடி ஓடி வந்தவளை நான் விரட்டிக்கிட்டு இருந்திருக்கேன். உம்ம பேரைச் சொல்ற வாயாலதான் விரட்டியிருக்கேன். உம்மைப் பத்திப் பாட எனக்கு நல்லா தெரியுது, உம்மை மாதிரி இருக்கத் தெரியல. என்னை மாத்தும். எவ்வளவு வலிச்சாலும் பரவாயில்ல, மாத்தும்."

பிறகு நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, "என்னை மன்னிச்சிடும்மா" என்றாள்.

பூனை சட்டென்று எழுந்து நின்று, டார்கெட் சொன்னால் பதில் சொல்கிற அதே பழக்கத்தில், "சரிங்க மேடம், முடிச்சிடறேன்" என்றாள். அழுதுகொண்டிருந்த போதகரம்மாவே சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே அக்கா ஆட்டுக்குட்டியாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அவள் கத்தவில்லை, உண்மைதான். அதில்தான் லைன் இன்னும் பயந்துபோனது. "காய்ச்சலா இருக்குமோ?" என்றாள் ஒருத்தி. "புயல் வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. அந்த வாரக் கடைசியில் புயலும் வந்தது. ஊசி உடைந்ததை மறைத்த ஒருத்தியை அக்கா பழைய குரலில் பிடித்துக்கொண்டாள். ஆறு லைனும் நிமிர்ந்து பார்த்தது. பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். மாடியின் கோடியில் இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் போய் ஒரு டம்ளர் குடித்தாள். திரும்பி வந்து, அதே இடத்தில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டாள்.

"அவ காதுல மெதுவா சொன்னா போதாதாக்கா?" என்று சாப்பாட்டு வேளையில் கேட்டேன்.

"திட்டினது ஊரறிய, மன்னிப்பு மட்டும் காதோடயா? நல்ல நியாயம்டி" என்றாள்.

அதன்பின் கோபம் வரும்போதெல்லாம் அவள் கால்கள் தண்ணீர்க் குழாய்க்குப் போயின. "அக்கா இப்படியே குடிச்சா தொட்டி காலியாயிடும்" என்று பெண்கள் சிரித்தார்கள். கூர்ந்து பார்த்தால், டம்ளரை வாயருகே வைத்தபடியே அவள் உதடுகள் அசைவது தெரியும். அது ஜெபம். சில நாள் ஒரே ஒரு தடவை போவாள். சில நாள் அங்கேயே குடியிருப்பாள்.

கத்தாமல் இருப்பது மட்டும் போதாது என்பது பூனை விஷயத்தில் அவளுக்குப் புரிந்தது. ஒரு நாள் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு பூனையின் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை இடது கைப் பழக்கக்காரி. வெட்டிய துணிக்கட்டு வலது பக்கம் இருந்ததால், ஒவ்வொரு துண்டையும் எடுக்க உடம்பையே திருப்பிக்கொண்டிருந்தாள். "ரெண்டு கையும் இடது கைதானா" என்று தான் கேட்டது யாரை என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றே மேஜையை மாற்றிப் போட்டு, துணிக்கட்டை இடது பக்கம் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நாளில் பூனை லைனையே முந்திக்கொண்டு ஓடினாள். பெண்கள் தப்புகளை மறைப்பதை விட்டுவிட்டு, "அக்கா, இங்க கோணிப்போச்சு, வாங்களேன்" என்று தாங்களாகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது.

நீலச் சட்டை ஆர்டர் ஒன்று நான்காம் லைனிலும் ஐந்தாம் லைனிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் லைன் சூப்பர்வைசர் தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். அதனால் அவள் பெயரே கண்ணாடி. அவள் லைனில் நிறம் லேசாக மாறிய இரண்டு துணிச்சுருள்கள் கலந்துவிட்டன. உடம்பு ஒரு நீலம், கை இன்னொரு நீலம். தைத்து முடித்த பிறகுதான் அவள் கவனித்தாள். வேலை போய்விடும் என்ற பயத்தில், பரிசோதனைக்குப் போகுமுன் அந்தக் கட்டுகளில் இருந்த லைன் நம்பர் சீட்டைக் கழற்றிவிட்டு நான்காம் லைன் சீட்டைக் கட்டிவிட்டாள்.

மேனேஜர் சட்டைகளை மேஜையில் விசிறியடித்தார்.

"சார், இது என் லைன் தையல் இல்ல. என் பொண்ணுங்க கை எனக்குத் தெரியும். தயவுசெஞ்சு விசாரிச்சுப் பாருங்க" என்றாள் அக்கா.

"விசாரிக்க என்ன இருக்கு? சீட்டுல உன் லைன் நம்பர் இருக்கு. முன்னெல்லாம் நீ ஒரு சத்தம் போட்டா ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். இப்ப அவங்க பக்கத்துல உக்காந்து கொஞ்சிக்கிட்டு இருக்க. லைன் கெட்டுப்போகாம என்ன செய்யும்?"

அக்கா திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடி தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் கையில் ஆதாரம் இல்லை.

சூப்பர்வைசர் பதவி போயிற்று. திரும்பவும் மெஷினில் உட்காரச் சொன்னார்கள், அதுவும் ஐந்தாம் லைனில், கண்ணாடியின் கீழே.

அன்றைக்கு அவள் வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாட்டை அவளே பின்னால் சொல்லிச் சிரித்தாள். அவள் புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளின் கூச்சலிலேயே பழகிப்போனதால் எதற்கும் பதறாத மனுஷன். தண்ணீர்ப் பானை மூடி மூன்றாவது முறை விழுந்த பிறகுதான் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாராம்.

"வேலையை விட்டுடலாமா?" என்றார்.

"விடமாட்டேன். அவளை நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும். அதுக்கு அப்புறம் விடறேன்."

"கேளு. இயேசு உன் இடத்துல இருந்தா என்ன பண்ணுவாருன்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

"அவருக்கு என்னங்க? பன்னிரண்டே பேரை வெச்சு மேய்ச்சாரு. எனக்கு ஒரு லைன் முழுக்க."

"அந்தப் பன்னிரண்டுல ஒருத்தன் காட்டிக்கொடுத்தான். ஒருத்தன் தெரியவே தெரியாதுன்னு சத்தியம் பண்ணான். மத்தவனெல்லாம் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓட்டம். உயிரோட எழுந்து வந்தவரு அவனுங்களைப் பிடிச்சு நாக்கைப் பிடுங்குற மாதிரியா கேட்டாரு? கடற்கரையில நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வெச்சுக்கிட்டு, வாங்க சாப்பிடலாம்னு கூப்பிட்டாரு."

"இந்த ஆளு ஞாயிற்றுக்கிழமை சபையில தூங்குறாருன்னு நெனச்சேன், கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு" என்று அக்கா முணுமுணுத்தாளாம். அப்புறம் கீழே கிடந்த மூடியை எடுத்துப் பானை மேல் வைத்துவிட்டுச் சொன்னாளாம். "எனக்கு மன்னிக்கத் தோணலைங்க. கொஞ்சம்கூடத் தோணலை. ஆனா அவரை மாதிரி ஆகணும்னு கேட்டது நான்தானே. இப்ப வந்து இது மட்டும் வேணாம்னா?"

ஐந்தாம் லைனில் உட்கார்ந்த சில நாட்களில் அக்கா ஒன்றைக் கவனித்தாள். இடைவேளையில் கண்ணாடி எதுவும் சாப்பிடுவதில்லை. அவள் புருஷன் படுத்த படுக்கை. அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் புறப்படுவதற்குள் தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ள நேரம் இருப்பதில்லை. இதை விசாரித்துத் தெரிந்துகொண்ட மறுநாள், அக்கா ஒரு டப்பா கூடுதலாகக் கொண்டுவந்தாள். ரொட்டியும் முட்டையும். கண்ணாடியின் முன்னால் அதை நீட்டியபோது கை நடுங்கியது. "பாசத்துல இல்லடி, கோவத்துலதான் நடுங்குச்சு" என்று என்னிடம் சொன்னாள்.

கண்ணாடி அந்த டப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல என்ன கலந்து வெச்சிருக்க?"

"கலந்திருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா போவோம். இதுல பாதி எனக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா எதிரிலேயே உட்கார்ந்து பிய்த்துத் தின்றாள்.

அன்று கண்ணாடி தொடவில்லை. மறுநாளும் டப்பா வந்தது. அதற்கு மறுநாள், பசி வென்றதோ வேறெது வென்றதோ, சாப்பிட்டாள். அக்கா பழையதைக் கிளறவில்லை. "கை நடுங்குறது நின்னுச்சாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். யோசித்துவிட்டு, "அட, எப்ப நின்னுச்சுன்னு கவனிக்கவே இல்லையேடி!" என்று ஆச்சரியப்பட்டாள். அவள் முகம் அன்று இருந்த அழகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தீப்பிடித்தது ஒரு பகல் வேளையில். கீழ்த்தளத்தில் துணி வெட்டும் அறையில் ஏதோ மின்கம்பி பொரிந்திருக்கிறது. எங்களுக்கு முதலில் தெரிந்தது மெஷின்கள் ஒன்றாக நின்றுபோனது. விளக்கும் போயிற்று. அடுத்த நிமிஷம் முன்பக்கப் படிக்கட்டு வழியாகக் கரும்புகை ஏறி வந்தது. பழக்க தோஷத்தில் எல்லோரும் அந்தப் படிக்கட்டை நோக்கியே ஓடினோம். நாற்காலிகள் உருண்டன. ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தோம். யார் கத்துகிறார்கள் என்றே தெரியவில்லை.

அப்போது அந்தக் குரல் வந்தது.

"எல்லாரும் நில்லுங்க! முன்பக்கம் போகாதீங்க, புகை அங்கதான் வருது! பின்படிக்கு வாங்க! நான் கதவுகிட்ட நிக்கிறேன். என் குரலைப் பாத்து வாங்க!"

நாங்கள் நின்றோம். அந்தக் கணத்தை எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பழைய நாளாக இருந்தால் அந்தக் குரலுக்கும் பயந்து எதிர்த் திசையில் ஓடியிருப்போம். அன்றோ, இருட்டில் அம்மா கூப்பிட்டால் பிள்ளைகள் திரும்புமே, அப்படித் திரும்பினோம்.

"முன்னாடி இருக்கிறவ தோளைப் பிடிச்சுக்கோங்க! குனிஞ்சு வாங்க! பயப்படாதீங்கம்மா, வழி இருக்கு! மூணாம் லைன், இடது பக்கம் சுவரைத் தொட்டுக்கிட்டே வா! கர்ப்பிணிப் பொண்ணை முன்னால விடுங்க!"

பின்கதவை அடைத்துக்கொண்டிருந்த அட்டைப்பெட்டிகளை அவள் காலாலேயே உதைத்து ஓரமாகத் தள்ளியிருந்தாள். இருமல் வரும்போது நிறுத்தி, மூச்சுப் பிடித்து, மறுபடி கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக இறங்கினோம்.

முற்றத்தில் நின்று ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லித் தேடியபோது ஒரே ஒரு ஆள் குறைந்தது. கண்ணாடி.

"நூல் அறைக்குப் போனா. நான் பாத்தேன்" என்றாள் பூனை.

அக்கா துப்பட்டாவை வாளித் தண்ணீரில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு திரும்பினாள். தீயணைப்பு வண்டி இன்னும் வந்து சேரவில்லை. நாங்கள் இழுத்துப் பிடித்தோம். உதறிவிட்டு ஏறினாள். அவளுக்குப் பின்னால், சத்தமில்லாமல், இன்னொரு ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு பூனையும் ஏறினாள். வேலைக்கு வரவே பயந்த பெண்!

உள்ளே நூல் பெட்டிகளுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடி விழுந்து உடைந்துபோய், வழி தெரியாமல் தரையில் சுருண்டு கிடந்தாளாம் கண்ணாடி. கையைப் பிடித்ததும், "யாரு?" என்றாளாம்.

"நான்தான்."

"நீயா? நீ என்னை விட்டுட்டுப் போயிருக்கலாம்."

"போயிருந்தா நாளைக்கு டப்பாவை யாரு காலி பண்றது? எந்திரி. அழறதெல்லாம் கீழ போய் அழுதுக்கலாம்."

மூன்று பேரும் முகமெல்லாம் கரியாகப் பின்படியில் இறங்கி வந்தபோது முற்றமே ஆர்ப்பரித்தது. "ஸ்தோத்திரம்!" என்று நான் போட்ட சத்தத்தில் சைரன் பட்டத்துக்கு நானே போட்டியாகிவிட்டேன். சபைக்கே வராத பெண்களும் கையை உயர்த்திக் கத்தினார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்து நெருப்பை அடக்கின. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். யாரும் எதுவும் கேட்கும் முன்பே கண்ணாடி, நிற்க முடியாமல் பூனையின் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"சார், அந்த நீலச் சட்டை என் லைன்ல தெச்சது. சீட்டை மாத்திக் கட்டினது நான். இவ மேல ஒரு தப்பும் இல்ல. இவளுக்கு அப்பவே தெரியும் சார். தெரிஞ்சேதான் எனக்குத் தினமும் சோறு போட்டா."

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் விசாரிச்சிருக்கணும்" என்றார் மெதுவாக. பிறகு அக்காவிடம், "இந்த மாடி முழுக்க இனி உன் பொறுப்பு. இவளை என்ன செய்யலாம்னு நீயே சொல்லு. அனுப்பிடவா?" என்றார்.

"வேணாம் சார். அவ போனா நானும் போறேன்."

"உன்னைக் கவுத்தவளுக்காகவா?"

"கவுத்தவதான். இப்ப யாரும் கேக்காமலே உண்மையைச் சொன்னாளே சார், அதுக்கு எவ்வளவு பலம் வேணும்? அந்தப் பலம் உள்ள ஆளு எனக்கு மாடியில வேணும்."

கண்ணாடி அப்படியே அக்காவின் தோளில் சாய்ந்து விம்மினாள். அக்காவும் அழுதாள். "கோவத்தை அடக்கி அடக்கித்தான் இதுவரைக்கும் வந்தேன். இப்ப உள்ள தேடிப் பாக்குறேன், அடக்குறதுக்கு ஒண்ணுமே இல்லடி. அவரு எடுத்துட்டாரு!" என்று என்னிடம் சொன்னபோது அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாடியைச் சுத்தம் செய்து மறுபடி மெஷின்களை ஓட்டியபோது, அனுப்ப வேண்டிய ஆர்டருக்கு நாள் மிகக் குறைவாக இருந்தது. முடியாது என்றே மேனேஜர் கைவிட்டிருந்தார். முதல் நாள் காலையிலேயே ஒருத்தி காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பயந்துபோய் நின்றாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாதியை நீ பிரி, பாதியை நான் பிரிக்கிறேன்" என்றாள். கண்ணாடி தன் லைனிலிருந்து வந்து, "எனக்கும் ஒரு ஓரம் குடுங்க" என்றாள். பூனை பாட ஆரம்பித்தாள். ஆமாம், பூனைதான்! மூன்றாம் லைன் அதைப் பிடித்துக்கொண்டது. மெஷின் இரைச்சலுக்கு மேலே ஆறு லைனும் பாடிக்கொண்டே தைத்தோம். யாரும் யாரையும் விரட்டவில்லை. முடித்தவள் முடிக்காதவளின் துணிக்கட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாள்.

கெடு நாளன்று கடைசிப் பெட்டியும் லாரியில் ஏறியது. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியதும் இரண்டாம் மாடி ஜன்னல்கள் எல்லாவற்றிலும் நாங்கள் முண்டியடித்துக்கொண்டு நின்று கைதட்டினோம். தலையெல்லாம் நீலப் பஞ்சும் நூலுமாக, ஒரு கையில் கண்ணாடியையும் மறு கையில் பூனையையும் அணைத்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் நடுவில் நின்று அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.